தாய்ப்பாலை எடுத்து வெச்சு, இளஞ்சூடு பண்ணிக் குடுக்குறது எப்படி: பசும்பால் பழக்கத்தை இதுல கொண்டு வராதீங்க

வேலைக்குத் திரும்பிப் போன மூணாவது நாள், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எங்க அத்தை போன் பண்ணாங்க. "நீ ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டுப் போன பாலு திரிஞ்சு போச்சும்மா, மேல மஞ்சளா கெட்டியா நிக்குது, கீழ தண்ணியா இருக்குது, அதான் கொட்டிட்டேன்"னு சொன்னாங்க. நான் ஓசூர்ல, குழந்தை காவேரிப்பட்டணம் பக்கத்துல வீட்டுல. காலைல 4 மணிக்கு எந்திரிச்சு உக்காந்து எடுத்த 120 மில்லி அது. அந்தப் பால் திரியவே இல்லங்க. தாய்ப்பாலை எடுத்து அசையாம வெச்சா கொழுப்பு மேல ஏறி நின்னுக்கும், எல்லாருக்கும் அப்படித்தான், டப்பாவைப் புடிச்சு மெதுவா சுழட்டுனா மறுபடி ஒண்ணாயிரும்.

அத்தை மேல ஒரு தப்பும் இல்ல. நாப்பது வருசமா மாடு கறந்தவங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச பால் சாஸ்திரம் வேற. பால்னா பொங்கக் காய்ச்சணும், ஆறுனதும் ஆடை புடிக்கணும், சாயங்காலம் மிச்சம் இருந்தா மறுபடி ஒரு தடவை காய்ச்சி வெச்சா நாளைக்கு ஆகும், கெட்டியா இருந்தா கொஞ்சம் தண்ணி ஊத்திக்கலாம், புதுப் பாலைச் சூட்டோடயே பழைய பாலோட சேத்துக்கலாம். பசும்பாலுக்கு இதெல்லாம் சரி, தாய்ப்பாலுக்கு இதுல ஒண்ணுகூட ஆகாது. அதனாலதான் இதை எழுதுறேன், ஏன்னா நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் வீட்டுல பாலை எடுத்து வெக்கறது நம்மளா இருந்தாலும் அதை எடுத்துக் குடுக்கறது அத்தையோ அம்மாவோ ஆயாவோதான், அவங்களுக்கும் சேத்துப் புரியுற மாதிரி சொன்னாத்தான் குழந்தை வாயிக்கு அந்தப் பால் ஒழுங்காப் போய்ச் சேரும்.

முதல்ல, யாருக்கு இது வேணும்

பொறந்த குழந்தை பக்கத்துலயே இருக்குது, நேரா மார்ல குடிக்குதுன்னா முதல் ஒரு மாசம் இந்த வேலையே வேணாம். குழந்தை எவ்ளோ குடிக்குதோ அதைப் பாத்துத்தான் பால் சுரப்பு செட் ஆகும். அந்த நேரத்துல போட்டு பம்ப் பண்ணிக்கிட்டே இருந்தா சிலருக்குத் தேவைக்கு மேல சுரந்து மாரு கட்டிக்கும். ஆனா குழந்தை எடை கம்மின்னோ, குறைமாசம்னோ, மஞ்சக்காமாலைன்னோ உள்ள வெச்சிருந்தா முதல் நாள்ல இருந்தே எடுக்கத்தான் வேணும். எங்க பாப்பாவை மூணாவது நாள் மஞ்சக்காமாலைக்கு லைட்டுல வெச்சாங்க, அப்போ ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை கையாலயே எடுத்து கிண்ணத்துல குடுத்தேன். ஆஸ்பத்திரில இருக்குற குழந்தைன்னா, இங்க நான் சொல்ற மணிக் கணக்கைப் பாக்காதீங்க, அந்த வார்டு நர்ஸம்மா சொல்றதுதான் கணக்கு. குறைமாசக் குழந்தைக்குக் கிருமி தாங்காது, அதனால அங்க விதி இன்னும் டைட்டா இருக்கும்.

முதல் ரெண்டு மூணு நாள் வர்ற சீம்பால் சொட்டுச் சொட்டாத்தான் வரும், ஒரு ஸ்பூன் வந்தாலே பெருசு. முதல் நாள் குழந்தையோட வயித்துக்கு ஒரு தடவைக்கு 5, 7 மில்லி போதும். "பாலே வரல, பவுடர் வாங்கியாரச் சொல்லு"ன்னு வார்டுக்கு வெளிய நின்னு யாராவது சொல்லுவாங்க, அப்போ அந்த அளவை நினைச்சுக்கங்க.

எடுக்குறது

கையை சோப்புப் போட்டு 20 செகண்டு தேச்சுக் கழுவுங்க, நகத்துக்குள்ளயும். மார்பை ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவணும்னு இல்ல, அப்படிப் பண்ணா காம்பு வறண்டு வெடிக்கும், தினமும் குளிக்கறதே போதும்.

கையால எடுக்கறதுன்னா, கட்டை விரல் மேல, மத்த விரல் கீழ, காம்பைச் சுத்தி இருக்குற கருப்பு வட்டத்துக்குக் கொஞ்சம் பின்னாடி வெச்சு, முதல்ல நெஞ்சுப் பக்கமா உள்ள அமுக்கி, அப்புறம் ரெண்டு விரலையும் சேத்து அழுத்தி விடுங்க. அமுக்கு, அழுத்து, விடு, அவ்ளோதான். காம்பைப் புடிச்சு இழுக்கக் கூடாது, தோலைத் தேய்க்கவும் கூடாது, வலிச்சா முறை தப்புன்னு அர்த்தம். முதல்ல ஒண்ணுமே வராது, பத்து தடவை பண்ணதும் சொட்டும், அப்புறம் பீச்சும். ஒரு பக்கம் 3, 5 நிமிசம், குறைஞ்சதும் அடுத்த பக்கம், திரும்ப இந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி மொத்தம் 20, 30 நிமிசம் ஆகும். முன்னாடி ஒரு சுடு துணி ஒத்தடம் குடுத்தா நல்லா இறங்கும், குழந்தையோட துணியை மடியில வெச்சுக்கிட்டா எனக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

பம்ப் வாங்குறதுன்னா கையால அமுக்குற மேனுவல் பம்ப் போதுமான்னு கேப்பீங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவைன்னா போதும். வேலைக்குப் போறவங்களுக்கு மூணு தடவை எடுக்கணும், கை விட்டுப் போயிரும், எலக்ட்ரிக் நல்லது. கப் சைஸ் காம்புக்குச் சரியா இருக்கணும், இல்லன்னா புண்ணாயிரும். அடுத்தவங்க யூஸ் பண்ண பம்ப்பை வாங்காதீங்க.

கழுவுற விசயத்துல நான் கொஞ்சம் கறார். பால் பட்ட பாகம் எல்லாத்தையும் கழட்டி முதல்ல பச்சத் தண்ணில அலசணும், நேரா சுடுதண்ணில போட்டா பால் ஒட்டிக்கும். அப்புறம் சோப்பு, சுடுதண்ணி, அதுக்குன்னே ஒரு பிரஷ். சிங்க்ல நேரா போட்டுத் தேய்க்காதீங்க, கறி மீனு கழுவுற எடம் அது, தனியா ஒரு பேசின் வெச்சுக்கங்க. கழுவி முடிச்சுத் துணியால தொடைக்காம சுத்தமான துணி மேல கவுத்து வெச்சுக் காத்துலயே காய விடுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைன்னா, குறைமாசம்னா, தினம் ஒரு தடவை பாகங்கள் தண்ணில முழுசா மூழ்குற மாதிரி போட்டுத் தண்ணி தளதளன்னு கொதிக்க ஆரம்பிச்சு 5 நிமிசம் விடணும். நம்ம ஊர் போர் தண்ணில கொதிக்க வெச்சா டப்பா மேல வெள்ளையா உப்புப் படியும், அது அழுக்குன்னு பயந்துக்க வேணாம், ஆனா ஒகேனக்கல் தண்ணி வர்ற வீடுன்னா அதையே யூஸ் பண்ணுங்க.

எதுல ஊத்தி வெக்கறது

மூடி டைட்டா மூடுற கண்ணாடி பாட்டில், நல்ல ஸ்டீல் டப்பா, இல்லன்னா தாய்ப்பாலுக்குன்னே விக்கற பை. பிளாஸ்டிக்னா பிபிஏங்கற ரசாயனம் இல்லாததுன்னு போட்டிருக்கணும். மளிகைக்கடை கவரு, ஜூஸ் பாட்டில், தண்ணி பாட்டில் இதெல்லாம் வேணவே வேணாம். ஸ்டீல் டப்பால ஒரு வசதி, எவ்ளோ மிச்சம்னு தெரியாட்டியும் கீழ விழுந்தா உடையாது. எங்க வீட்டுல ரெண்டு குட்டிப் பசங்க ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடுவாங்க, அதனால நான் ஸ்டீலுக்கே வந்துட்டேன்.

ஒரு டப்பால 60ல இருந்து 90 மில்லி ஊத்துங்க, அதுக்கு மேல வேணாம். பெருசா 200 மில்லி வெச்சுக் குழந்தை 70 குடிச்சுட்டுத் தூங்கிட்டா மிச்சம் வீணாப் போகும், அந்த வலி எடுத்தவங்களுக்குத்தான் தெரியும். ஃப்ரீசர்ல வெக்கறதுன்னா கழுத்து வரைக்கும் ஊத்தாம ஒரு விரக்கடை எடம் விடுங்க, உறையும்போது உப்பும். டப்பா மேல தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்க, பழசை முன்னாடி எடுக்கணும்.

இங்கதான் அந்த முதல் பசும்பால் பழக்கம் வரும். காலைல எடுத்தது அரை டப்பா ஃபிரிட்ஜ்ல இருக்குது, மத்தியானம் எடுத்த சூட்டோட அதுலயே ஊத்துறது. கூடாது. வெதுவெதுப்பான பால் பட்டதும் உள்ள இருக்குற பால் சூடாகும், கிருமிக்கு அது போதும். புதுப் பாலைத் தனி டப்பால ஃபிரிட்ஜ்ல வெச்சு நல்லா சில்லுன்னு ஆனதுக்கு அப்புறம் சேத்துக்கலாம், தேதி எழுதும்போது பழைய பாலோட தேதியைத்தான் எழுதணும்.

எவ்ளோ நேரம் தாங்கும்

பொதுவா டாக்டருங்க சொல்ற கணக்கு இது. புதுசா எடுத்த பால் 25 டிகிரிக்குள்ள இருக்குற ரூம்ல 4 மணி நேரம். ஃபிரிட்ஜ்ல, 4 டிகிரில, 4 நாள். தனிக் கதவு இருக்குற ஃப்ரீசர்ல மைனஸ் 18 டிகிரில 6 மாசத்துக்குள்ள குடுத்தா நல்லது, 12 மாசம் வரைக்கும் பரவால்ல. நாலு மணி நேரம், நாலு நாள், ஆறு மாசம்னு மனசுல வெச்சுக்கலாம்.

ஆனா அந்த 25 டிகிரிங்கற வார்த்தையை விட்டுட்டுப் படிக்காதீங்க. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழில 25 டிகிரி கிடைக்கும். ஏப்ரல் மே மாசத்துல அரூர், ஊத்தங்கரை, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் வீட்டுக்குள்ளயே 35க்கு மேல போகுது, சிமெண்ட் ஷீட் போட்ட வீடுன்னா கேக்கவே வேணாம். அந்த வெயில்ல 4 மணி நேரம்லாம் நம்பாதீங்க. நான் வெச்சுக்கிட்ட பழக்கம், சித்திரை வைகாசில எடுத்த பால் வெளிய ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்காது, எடுத்த கையோட ஃபிரிட்ஜுக்குப் போயிரும். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுன்னா அப்பப்போ எடுத்து அப்பப்போ குடுத்துருங்க. மண்பானைத் தண்ணிக்குள்ள மூடுன டப்பாவை வெச்சாக் கொஞ்சம் குளுமையா இருக்கும், வாஸ்தவம்தான், ஆனா அதை வெச்சு நேரத்தை இழுக்காதீங்க.

ஃபிரிட்ஜ் விசயத்துலயும் இப்படித்தான். நம்ம நாட்டு ஆஸ்பத்திரில நிறைய எடத்துல 24 மணி நேரத்துக்குள்ள குடுத்துருங்கன்னுதான் சொல்லுவாங்க, வெளிநாட்டுக் கணக்கு 4 நாள். எது சரின்னு குழம்பாதீங்க. நாலு நாளுங்கறது 4 டிகிரிலயே நிக்கற ஃபிரிட்ஜுக்கு. நம்ம வீட்டு ஒத்தக் கதவு ஃபிரிட்ஜ்ல மாவுக் குண்டா, தயிரு, பூ, குழம்புன்னு நிமிசத்துக்கு ஒரு தடவை திறக்கறோம், நடுவுல கரண்ட்டும் போகுது. அதனால பொறந்து மூணு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு 24 மணி நேரத்தையே புடிச்சுக்கங்க, அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல.

வெக்கற எடமும் முக்கியம். கதவுல வெக்காதீங்க, திறக்கும்போதெல்லாம் சூடு படுற எடம் அது. உள்ள, பின்னாடி, ஒரு மூடுன பெரிய டப்பாக்குள்ள இந்தக் குட்டி டப்பாங்களை அடுக்கி வெச்சுருங்க, கறிக்கோ மீனுக்கோ கீழ இருக்கக் கூடாது. ஒத்தக் கதவு ஃபிரிட்ஜுக்குள்ளயே மேல இருக்குற ஃப்ரீசர் பெட்டி மைனஸ் 18 வரைக்கும் போகாது, அங்க 2 வாரத்துக்கு மேல வெக்காதீங்க. ஐஸ்கிரீம் கல்லு மாதிரி நிக்கலன்னா அந்த ஃப்ரீசரை நம்ப வேணாம்.

கரண்ட் போனா

மாசாமாசம் பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு நிறுத்துனா சாயங்காலம்தான் வரும், பேப்பர்ல முந்துன நாளே போட்டுருவாங்க, அதைப் பாக்கற பழக்கம் வெச்சுக்கங்க. திறக்காம வெச்சிருந்தா ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் வரைக்கும் குளுமையைப் புடிச்சு வெக்கும். அதனால கரண்ட் போனதும் முதல் வேலை, வீட்டுல எல்லார்கிட்டயும் "யாரும் ஃபிரிட்ஜைத் திறக்காதீங்க"ன்னு சொல்றது. நான் ஒரு தெர்மாகோல் பெட்டியும் நாலு ஐஸ் பேக்கும் எப்பவும் ரெடியா வெச்சிருக்கேன், அன்னைக்குக் குடுக்க வேண்டிய டப்பாவை மட்டும் அதுல எடுத்து வெச்சுட்டா ஃபிரிட்ஜைத் திறக்கற வேலையே இல்ல. உறைஞ்ச பால் லேசா இளகியிருக்கு, ஆனா உள்ள இன்னும் ஐஸ் துணுக்கு இருக்குதுன்னா திரும்ப உறைய வெக்கலாம். முழுசாத் தண்ணியாயிருச்சுன்னா, இன்னும் சில்லுன்னு இருந்தா அன்னைக்கே குடுத்துருங்க, மறுபடி உறைய வெக்காதீங்க. சில்லுப்பே இல்ல, எப்போ இளகுச்சுன்னும் தெரியலன்னா கொட்டிருங்க. கொட்ட மனசு வராதுதான்.

வேலை எடத்துல இருந்து வீட்டுக்கு

முதல் ரெண்டு குழந்தைக்குச் சட்டப்படி 26 வாரம் லீவு, அதுல பிரசவத்துக்கு முன்னாடியே 8 வாரம் வரைக்கும் எடுத்துக்கலாம். எனக்குக் கால் வீங்கி நிக்க முடியாம 8 வாரமும் முன்னாடியே போயிருச்சு, மிச்சம் 18 வாரம், அதனால பாப்பாக்கு நாலு மாசம் முடிஞ்ச கையோட ஓசூருக்குக் கம்பெனி பஸ் ஏறிட்டேன். நிறையப் பொண்ணுங்களுக்குத் தெரியாத ஒண்ணு, 1961 மகப்பேறு சட்டம் வந்த காலத்துல இருந்தே குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் சாதாரண இடைவேளை போக தினமும் ரெண்டு பாலூட்டுற இடைவேளை உண்டு. 2017ல அதைத் திருத்துனப்போ 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல குழந்தைக் காப்பகம் இருக்கணும், தாய் ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பாத்துட்டு வரலாம்னு சேத்தாங்க. காப்பகம் வீட்டுல இருந்து ரொம்பத் தூரம்னா நம்மளுக்கு உதவாது, ஆனா அந்த ரெண்டு இடைவேளை பால் எடுக்க உதவும். சூப்பர்வைசர்கிட்டயோ எச்ஆர் மேடம்கிட்டயோ கூச்சப்படாம கேளுங்க. கதவு சாத்துற ஒரு ரூம், ஒரு நாற்காலி, ஒரு பிளக்கு, இவ்ளோதான் நம்ம கேக்கறது. பாத்ரூம்ல உக்காந்து எடுக்காதீங்க, குழந்தை குடிக்கற சாப்பாடு அது.

குழந்தையை விட்டுட்டு இருக்குற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 25ல இருந்து 35 மில்லின்னு கணக்கு வெச்சா, பத்து மணி நேரத்துக்கு 250ல இருந்து 350 மில்லி போதும். அதுக்கு மேல பயந்து பயந்து சேக்க வேணாம். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துருங்க, விட்டா மாரு கல்லு மாதிரி கட்டிக்கும், காய்ச்சல் வந்துரும், சுரப்பும் குறையும்.

எடுத்த பாலைக் கூல் பேக்ல, முழுசா உறைஞ்ச ஐஸ் பேக்கோட வெச்சா 24 மணி நேரம் வரைக்கும் தாங்கும். ஐஸ் பேக் டப்பாவை ஒட்டிக்கிட்டு இருக்கணும், பையை அடிக்கடி திறக்கக் கூடாது, வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவுறதுக்கு முன்னாடி ஃபிரிட்ஜ்ல வெச்சுருங்க. நடுவழில மாரு கனத்துட்டா, 2015ல இருந்து தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுங்கள்ல பாலூட்டுற அறை திறந்திருக்காங்க, பூட்டியிருந்தா டைம் கீப்பர் ரூம்ல சாவி கேளுங்க.

இளஞ்சூடு பண்றது, வீட்டுல இருக்கறவங்களுக்கு

இந்தப் பகுதியை அத்தைக்குப் படிச்சுக் காட்டுங்க.

உறைஞ்ச பாலை முந்துன ராத்திரியே ஃப்ரீசர்ல இருந்து எடுத்துக் கீழ ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டா காலைல இளகியிருக்கும். அப்படி முழுசா இளகுன நேரத்துல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள குடுத்துரணும். அவசரம்னா மூடுன டப்பாவைக் குழாய்த் தண்ணில புடிக்கலாம், வெதுவெதுப்பான தண்ணில நிக்க வெக்கலாம். அடுப்பாங்கரை மேடைல அப்படியே வெச்சு இளக விடாதீங்க.

இளஞ்சூடு இப்படி:

1. கையைக் கழுவிட்டு அடுப்புல தண்ணியை மட்டும் சுட வெச்சு, அடுப்பை அணைச்சுட்டு ஒரு குண்டால ஊத்துங்க. தண்ணில விரல விட்டா சுகமா இருக்கணும், குழந்தையைக் குளிப்பாட்டுற சூடு. 40 டிகிரிக்கு மேல வேணாம்.
2. மூடுன பால் டப்பாவை அதுல நிக்க வெங்க, தண்ணி மூடியைத் தொடக் கூடாது. அஞ்சு பத்து நிமிசம் ஆகும். தண்ணி ஆறிட்டா மாத்துங்க.
3. டப்பாவை எடுத்துத் தொடச்சு, மெதுவா சுழட்டி, மேல நிக்கற கொழுப்பைக் கலந்து விடுங்க.
4. உங்க மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விடுங்க. சுடவும் கூடாது, குளிரவும் கூடாது, சொட்டு விழுந்ததே தெரியாத மாதிரி இருந்தா சரி.

பால் டப்பாவை அடுப்பு மேல ஏத்தவே கூடாது. பசும்பாலை ஏன் காய்ச்சறோம், மாட்டு மடி, கறக்கற கை, கேன், வண்டின்னு நாலு எடம் மாறி வருது, அதுல இருக்குற கிருமி சாகணும். இது தாய்கிட்ட இருந்து நேரா வர்றது, இதுக்குள்ள குழந்தையை நோயில இருந்து காப்பாத்துற எதிர்ப்புச் சத்து இருக்குது, கொதிச்சா அதுல நிறைய வீணாயிரும். நான் அத்தைகிட்ட இப்படித்தான் சொன்னேன், "தடுப்பூசி மருந்தை நர்ஸம்மா ஐஸ் பெட்டில வெச்சுத்தான கொண்டு வராங்க, அதைக் காய்ச்சுனா ஆகுமா?"ன்னு. அதுக்கு அப்புறம் ஒரு நாள்கூட அடுப்புல வெக்கல.

மைக்ரோவேவ்லயும் வேணாம். டப்பா தொட்டா சாதாரணமா இருக்கும், உள்ள நடுவுல ஒரு எடம் மட்டும் கொதிச்சுக் கிடக்கும், குழந்தை நாக்கு வெந்துரும்.

ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே குடுத்தாலும் நிறை மாசத்துல பொறந்த நல்லா இருக்குற குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுதான், சளி புடிக்கறது அதனால இல்ல. ஆனா நம்ம வீட்டுல யாரும் ஒத்துக்க மாட்டாங்க, அதுக்காகச் சண்டை வேணாம், இளஞ்சூடு பண்ணியே குடுங்க.

தண்ணி, சர்க்கரை, கல்கண்டு, தேன் எதுவும் கலக்காதீங்க. முக்கியமா தண்ணி. நம்ம மாவட்டத்துல நிலத்தடித் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி, பல்லு காவி புடிச்ச பெரியவங்களைப் பாத்திருப்பீங்க, அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. காய்ச்சுனா ஃப்ளோரைடு போகாது. தாய் அந்தத் தண்ணியைக் குடிச்சாலும் தாய்ப்பால்ல அது ரொம்பக் கொஞ்சம்தான் வரும், உடம்பு வடிகட்டித்தான் குடுக்குது. அப்படி வந்த பால்ல கொண்டு போய் போர் தண்ணியை ஊத்தணுமா? ஆறு மாசம் முடியற வரைக்கும் வெயில் காலத்துலகூடத் தனியாத் தண்ணி குடுக்க வேணாம், தாய்ப்பால்ல பெரும்பகுதி தண்ணிதான்.

குடுக்குறது, மிச்சம்

சங்கு, பாலாடை, சின்ன டம்ளர், ஸ்பூன், எதுலயும் குடுக்கலாம். பாட்டிலை விட இதுங்களைக் கழுவுறது சுலபம், குழந்தை காம்பை மறக்கற பிரச்சினையும் கம்மி. தூங்குற குழந்தை வாயில ஊத்தாதீங்க, முழிச்சிருக்கணும், தலையை நிமித்தி மடியில வெச்சு, சங்கோட மூக்கைக் கீழ் உதட்டுல வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா அது உறிஞ்ச உறிஞ்சச் சாயுங்க. படுக்க வெச்சு மடக்கு மடக்கா ஊத்துனா புரையேறும். எங்க ஊர்ல இன்னும் மூக்கைப் புடிச்சுச் சங்குல ஊத்துறவங்க இருக்காங்க, அதை மட்டும் நீங்க யாரா இருந்தாலும் தடுங்க.

குழந்தை வாய் வெச்ச பால் மிச்சம் இருந்தா 2 மணி நேரத்துக்குள்ள குடுக்கலாம், அதுக்கு அப்புறம் கொட்டிரணும். அதைத் திரும்ப ஃபிரிட்ஜ்ல வெச்சு, திரும்பச் சூடு பண்ணி, இதெல்லாம் கூடாது, எச்சில் கிருமி அதுல வளர ஆரம்பிச்சிருக்கும். வாய் வெக்காம இளஞ்சூடு மட்டும் பண்ணுனதுக்கும் இதே 2 மணி நேரம்தான். மறுபடி ஃப்ரீசர் கிடையாது.

வாசனையும் கலரும்

கொஞ்சம் நீலமா, கொஞ்சம் மஞ்சளா, கீரை நிறையச் சாப்பிட்டா லேசாப் பச்சையா, எல்லாம் சகஜம். பீட்ரூட் சாப்பிட்டாலோ காம்பு வெடிச்சு ரத்தம் கலந்தாலோ ரோஸ் கலர்ல வரும், ரெண்டு மூணு நாள் ஆகியும் நிக்கலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. எடுத்து வெச்ச பால் சோப்பு வாசம் அடிக்குதுன்னு சிலர் கொட்டிருவாங்க, அது கெட்டது இல்ல. லைப்பேஸ்னு ஒரு என்சைம் கொழுப்பை உடைக்கறதால வர்ற வாசனை, குழந்தை குடிச்சா குடுக்கலாம். குடிக்க மாட்டேங்குதுன்னா மட்டும், புதுசா எடுத்த கையோட, ஓரத்துல குட்டிக் குட்டி முட்டை வர்ற அளவுக்குச் சூடு பண்ணி, கொதிக்க விடாம இறக்கி, உடனே ஐஸ் தண்ணில ஆற வெச்சு உறைய வெக்கலாம். காய்ச்சக் கூடாதுன்னு சொன்னதுக்கு இது ஒண்ணுதான் விதிவிலக்கு, அதையும் தேவைன்னாத்தான். புளிச்ச வாசம் அடிச்சா, சுழட்டுனதுக்கு அப்புறமும் கட்டி கட்டியாவே நின்னா, அது கெட்டது.

பக்கத்து வீட்டுப் பொண்ணு பால் நிறைய இருக்குதுன்னு குடுத்தா வாங்கி வெச்சுக்காதீங்க, நல்ல மனசுதான், ஆனா சில நோய் பால் வழியாப் பரவும். அவங்களுக்கு நிஜமா ஜாஸ்தியா இருந்தா தாய்ப்பால் வங்கிக்குக் குடுக்கலாம், அங்க ரத்தம் டெஸ்ட் பண்ணி, பாலை 62.5 டிகிரில 30 நிமிசம் வெச்சுக் கிருமி நீக்கித்தான் குறைமாசக் குழந்தைங்களுக்குக் குடுப்பாங்க.

அம்மாவுக்குச் சளி, சாதாரண காய்ச்சல்னா பாலை நிறுத்த வேணாம், எடுத்தும் வெக்கலாம். மாத்திரை எதாவது புதுசா ஆரம்பிச்சா மட்டும் டாக்டர்கிட்ட "நான் பால் குடுக்கறேன்"னு மறக்காம சொல்லுங்க.

வேலைக்குச் சேர ரெண்டு வாரம் முன்னாடியே தினம் ஒரு வேளை இப்படிக் குடுத்துப் பழக்குங்க, அதுவும் குடுக்கப் போறவங்க கையால, நீங்க அந்த ரூம்லயே இருக்காம. அம்மா வாசம் அடிச்சா குழந்தை சங்கைத் தொடாது. அந்த ரெண்டு வாரத்துல குழந்தையை மட்டும் கவனிங்க. அஞ்சு நாள் தாண்டுன குழந்தை ஒரு நாளைக்கு 6 தடவையாவது ஒண்ணுக்குப் போகணும். அதுக்குக் கம்மியாப் போனாலோ, குடிக்கறதையே நிறுத்துனாலோ, விடாம வாந்தி எடுத்தாலோ, தண்ணியாப் பேதி போனாலோ, தூக்குனா துவண்டு விழுந்தாலோ, மூணு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு உடம்பு சுட்டு 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, பாலுல என்ன கோளாறுன்னு வீட்டுல உக்காந்து யோசிக்காம நேரா ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, ராத்திரின்னா 108க்குப் போன் போடுங்க.